நாற்பத்தைந்து காலிக் காம்பராக்கள்

இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு பக்கங்கள், பதினேழு வேலைநாட்கள். பதுளையில் வாஹித்தின் போட்டோகாப்பிக் கடை மாடியில் உட்கார்ந்து மேனுஷா செய்து முடித்த வேலை அவ்வளவுதான். அதற்காகக் கருங்கொடித் தேயிலைத் தோட்டத்தில் அவள் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் வாயில் இருக்கும் வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் பேசுகிறார்கள்.

வயது முப்பத்தொன்று. பிறந்தது அதே தோட்டத்தின் மேற்கணக்கில், ஏழாம் லயத்தில். தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவும் ஒரு கணக்கு, மேற்கணக்கு என்பது மேல்பிரிவு. லயம் என்ற ஒன்பது வரிசைக் கட்டடங்கள், அவற்றில் காம்பரா என்ற நூற்று நாற்பத்திரண்டு சிறு வீடுகள், ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம். அப்பாவும் அம்மாவும் இறந்துவிட்டார்கள். அண்ணன் தங்கராஜா மட்டும் மனைவியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் அங்கே இருக்கிறான். மேனுஷா எட்டு வருடங்களாகப் பதுளையில் வாடகை அறையில் இருக்கிறாள். போட்டோகாப்பி, கல்யாணக் கார்டு, அடையாள அட்டைப் படம் என்று தொடங்கி, கடைக்கு வந்த பெரிய ஸ்கேனரை முதலில் தொட்டவளும் கடைசிவரை தொட்டவளும் அவள்தான். கை வேகம், வாய் அதைவிட வேகம். கடைக்கு வருகிறவர்கள் இரண்டாம் முறை கேட்டால் எரிந்து விழுவாள். வாஹித் அதைப் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், அவள் கையில் வேலை தப்பியதில்லை என்பது.

கடந்த கார்த்திகை மழையில் மேற்கணக்குக்கு மேலே மலை வெடித்தது. நான்காம் லயத்தின் பின்சுவருக்கும் தேயிலைக்கும் நடுவில் ஆள் இறங்கிப் போகிற அளவு பிளவு. நூற்று நாற்பத்திரண்டு குடும்பங்களும் பள்ளிக்கூட மண்டபத்தில் பதினொரு நாள் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தன. அதன் பிறகுதான் மீள்குடியமர்த்தும் திட்டம் என்று ஒன்று வந்தது. தோட்டத்தின் கீழ்ப்புறம் கல் இல்லாத சரிவில் முதல் கட்டமாக எண்பது வீடுகள். யாருக்கு முதலில் என்பதற்கு திட்ட அலுவலகம் ஒரு விதி வைத்தது. 1990க்கு முன் காம்பரா ரெஜிஸ்டரில் பெயர் பதிந்த குடும்பமாக இருக்க வேண்டும். பதிந்த வருடம் எவ்வளவு பழையதோ அவ்வளவு முன்னால் இடம்.

காம்பரா ரெஜிஸ்டர் என்பது தோட்டத்து ஆபீசில் வருடத்துக்கு ஒருமுறை தட்டச்சில் அடித்து வைத்த பட்டியல். எந்த லயம், எந்தக் காம்பரா, குடும்பத் தலைவர் யார், எப்போது வந்தார். 1961 முதல் 2003 வரை, மற்றக் கணக்குகளோடும் சேர்த்து, மூன்று இரும்புப் பெட்டி நிறைய. மனிதர் உட்கார்ந்து படித்தால் மழை திரும்ப வந்துவிடும். அதனால் பக்கங்களைப் படமெடுத்து, எழுத்துணரி மென்பொருளில் கொடுத்து, பெயரைத் தட்டினால் அந்தப் பெயர் வரும் பக்கமெல்லாம் திறக்கிற மாதிரி ஆக்கித் தரும்படி வேலை வாஹித்தின் கடைக்கு வந்தது. இது சரியாக முடிந்தால் இன்னும் பத்துத் தோட்டங்கள் வரும் என்று ஒரு பேச்சும் கூடவே வந்தது.

மேனுஷா முதல் நாளே ஒரு தொல்லையைக் கண்டாள். ரெஜிஸ்டர் தாள்களில் இளஞ்சிவப்பில் அச்சடித்த கோடுகள். தட்டச்சு எழுத்துகளின் அடியை அந்தக் கோடுகள் வெட்டிக்கொண்டு போயின. மென்பொருள் கோட்டையும் எழுத்தையும் ஒன்றாகப் பிடித்து உளறியது. நூறு சொல்லில் எழுபத்தொன்றுதான் சரியாக வந்தது. ஸ்கேனரின் அமைப்புகளைத் துழாவியதில் நிறம் நீக்கும் ஒரு வசதி அகப்பட்டது. சிவப்பைத் தேர்ந்தெடுத்து அழுத்தினாள். கோடுகள் மாயமாய்ப் போயின. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து மட்டும் பளிச்சென்று நின்றது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. வாஹித் மாடிக்கு ஏறி வந்து திரையைப் பார்த்து, இஞ்சிப் பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார்.

ஒரே பெயரைத் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர்மார் ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு விதமாக அடித்திருந்தார்கள். அதற்கும் வழி செய்தாள். ஒரு பெயருக்கு எத்தனை வடிவம் உண்டோ அத்தனையையும் ஒரு அட்டவணையில் சேர்த்து, எதைத் தட்டினாலும் எல்லாம் வரும்படி ஆக்கினாள். அது அவள் சொந்த யோசனை. நாலு நாள் அதிகம் எடுத்தது. யாரும் கேட்கவில்லை, யாரும் பாராட்டவுமில்லை.

மேற்கணக்கின் பக்கங்களில் 1972க்குப் பிறகு ஆங்காங்கே வெற்று வரிசைகள் வந்தன. லய எண் இருக்கும், காம்பரா எண் இருக்கும், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இராது. வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் யாரையாவது கேட்டிருப்பாள். மேனுஷாவுக்குக் கேட்கத் தோன்றவில்லை. மேற்கணக்கில் பாதி சனம் இந்தியாவுக்குக் கப்பலேறிய கதையைக் கேட்டுக்கேட்டு வளர்ந்தவள் அவள். எந்தக் காம்பராவிலிருந்து யார் போனார்கள் என்று அவள் அம்மா விரல் விட்டு எண்ணிச் சொல்வாள். வெற்று வரிசைகளும் அந்தக் காம்பராக்களும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தின. எண்ணிப் பார்த்தாள், நாற்பத்தைந்து. அலுவலகத்துக்குக் கோப்புகளை ஒப்படைத்தபோது கடிதத்தில் தானாகவே ஒரு வரி சேர்த்தாள்: மேற்கணக்கில் நாற்பத்தைந்து காம்பராக்கள் எழுபதுகளில் இந்தியா சென்ற குடும்பங்களால் காலி செய்யப்பட்டவை, அதன் பிறகு அவற்றுக்குப் பதிவு இல்லை. கீழே கையெழுத்தும் போட்டாள்.

பெப்ரவரி எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட மண்டபத்தில் பட்டியலை வாசித்தார்கள். திட்ட அலுவலர் கஜேந்திரன் மேடையில். தேடிக் காட்டச் சொன்னால் காட்டுவதற்காக மேனுஷாவும் மடிக்கணினியோடு பக்கத்தில். மண்டபம் கொள்ளாத கூட்டம், ஜன்னல் கம்பிகளில் தொங்கிக்கொண்டு பாதிப் பேர்.

எண்பது பெயர்கள் வாசிக்கப்பட்டன. தங்கராஜாவின் குடும்பம் எழுபத்தோராவது. அடுத்த கட்டத்துக்கு என்று பதினேழு. அதோடு கஜேந்திரன் தாளைத் திருப்பினார். மிச்சம் நாற்பத்தைந்து குடும்பங்களைப் பற்றி ஒரே வரிதான் வாசித்தார். அவர்கள் காலியான காம்பராக்களில் அத்துமீறிக் குடியிருப்போர், ஆகவே இந்தத் திட்டத்தில் உரித்தில்லை. ஆட்சேபம் இருந்தால் மார்ச் ஆறாம் தேதிக்குள் எழுத்தில் தரலாம்.

கொஞ்ச நேரம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு நான்காம் லயத்து ஜெயலெட்சுமி எழுந்தாள். நாற்பத்தேழு வயது, கொழுந்து பறிக்கிறவள். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் கங்காணியை வாய் திறக்கவிடாதவள் என்று பெயர் வாங்கியவள். பிளவு விழுந்தது அவள் காம்பராச் சுவரில்தான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேரே மேடையடிக்கு வந்தாள். கஜேந்திரனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"ஏ புள்ள, எங்கப்பா பேரு ராமாமிர்தம். நாலாம் லயம் ஒம்பதாம் காம்பரா. தட்டு."

மேனுஷா தட்டினாள். வேறு கணக்கில் இருந்த வேறொரு ராமாமிர்தத்தின் பக்கங்கள் வந்தன. நான்காம் லயம் ஒன்பதாம் காம்பராவுக்கு ஒன்றும் வரவில்லை.

"இல்லைங்க அக்கா. ரெஜிஸ்டர்ல இருந்திருந்தா தேடினா வந்திருக்கும். வரல."

"வரலையா? அந்தக் காம்பராவுல நான் பொறந்தேன். எங்கூட்டுல ஒக்காந்து நீ சோறு தின்னதில்ல?"

"நீங்க இருந்தது தெரியும்க்கா. பதிஞ்சது இல்ல. அதுக்கு நான் என்ன செய்ய."

இந்தப் பதிலை மேனுஷா சொன்ன தோரணையைத்தான் தோட்டம் மறக்கவில்லை. பேருந்தில் இடமில்லை என்று சொல்கிற கண்டக்டரின் குரல் அது. பின்னாலிருந்து ஒருவன், அவ அண்ணன் பேரு மட்டும் எப்பிடித் தேடாமலே வந்துச்சாம் என்று கேட்டான். ஒரு சிரிப்பு எழுந்தது, நல்ல சிரிப்பில்லை. ஏழாம் லயத்துக்கும் நான்காம் லயத்துக்கும் தண்ணீர் பிடிக்க ஒரே பீலி. அந்தப் பீலியில் இருபது வருடமாக நடந்த சண்டையெல்லாம் அன்று மண்டபத்துக்குள் வந்துவிட்டது. நாற்காலி ஒன்று மேடைமேல் விழுந்தது. கஜேந்திரன் ஜீப்புக்குப் போனார். மேனுஷா மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்கதவால் வெளியேறினாள். முதுகில் தேயிலைத்தூள் கலந்த சேறு அப்பியது. எறிந்தவள் யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை.

தங்கராஜா அவளைப் பஸ் நிற்கும் சந்திவரை கொண்டுவந்து விட்டான். முகமெல்லாம் சிரிப்பு. கத்துறவங்க கத்தட்டும், நீ ஒன் வேலையைத்தானே செஞ்ச என்றான். அவளுக்கும் அப்படித்தான் பட்டது.

அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நாற்பத்தைந்து குடும்பங்களிலிருந்தும் ஆட்கள் இரண்டு பஸ்ஸில் பதுளைக்கு இறங்கினார்கள். கடைக்கு முன்னால் நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். போட்டோகாப்பி எடுக்க வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். வாஹித் கல்லாவிலிருந்து மாடியைப் பார்த்துக் கத்தினார்.

"மேனுஷா, எறங்கி வா. ஒன்னத் தேடித்தான் இவ்வளவு சனம் வந்தீக்கு. நீயே பேசி அனுப்பு."

ஜெயலெட்சுமி கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. மற்றவர்கள் பிறப்புச் சான்று, சங்கத்துச் சந்தாக் கார்டு, ஆஸ்பத்திரித் துண்டு என்று பையோடு நின்றார்கள். மேனுஷா ஒவ்வொன்றையும் வாங்கி, இது ரெஜிஸ்டர் இல்லை, இதுவும் ரெஜிஸ்டர் இல்லை என்று திருப்பிக் கொடுத்தாள். ஜெயலெட்சுமி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எனக்கு ஒன் கம்ப்யூட்டர் வேணாம். காயிதத்த காட்டு. நாலாம் லயத்துக் காயிதம்."

"காயிதத்துல இருக்கிறதுதாங்க கம்ப்யூட்டர்லயும் இருக்கு."

"அப்ப காட்டுறதுல ஒனக்கென்ன நோவு?"

வாய் அடைக்க இதுதான் வழி என்று மேனுஷா மாடிக்கு ஏறினாள். இரும்புப் பெட்டிகள் இன்னும் கடையில்தான் இருந்தன, அலுவலகம் எடுத்துப்போகவில்லை. 1981ஆம் ஆண்டுக் கட்டை அவிழ்த்து மேற்கணக்கின் தாள்களைத் தேடினாள். ஸ்கேன் செய்யும்போது கட்டுக்கட்டாக இயந்திரத்தின் வாயில் கொடுத்தவள், தாளைத் தாளாகப் பார்த்ததில்லை. நான்காம் லயம். ஒன்பதாம் காம்பரா.

ராமாமிர்தம் என்று இருந்தது. மங்கிய சிவப்பு மையில், தட்டச்சு எழுத்தில், பக்கத்தில் 1974 என்ற வருடத்தோடு.

அதே தாளில் மேலே ஒரு சிவப்புப் பெயர், கீழே மூன்று. பழைய தட்டச்சு இயந்திரத்தில் இருநிற ரிப்பன் போடுவார்கள், மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி சிவப்பு. ஒரு விசையைத் தள்ளினால் நிறம் மாறும். இந்தத் தோட்டத்துக் கிளாக்கர் மாற்றியிருக்கிறார். கோட்டை அழிக்க அவள் அழுத்திய ஒரு பொத்தான் ஆட்களையும் சேர்த்து அழித்திருந்தது.

படியில் இறங்கி வருவதற்குள் அவள் முடிவு செய்தது சரியில்லை என்று அவளுக்கே தெரியும். கூட்டம் அவள் கையைப் பார்த்தது. தாள் அவள் கையில் மடித்து இருந்தது.

"இந்தக் கட்டுல இல்லைங்க. வேற பெட்டியில பாக்கணும். தேடிட்டுச் சொல்லி அனுப்புறேன்."

ஜெயலெட்சுமி அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு அந்த மடித்த தாளைப் பார்த்தாள். கூட்டம் பகல் ஒன்றரை மணிவரை நின்று, வாஹித்தின் ஏழு தலைமுறையையும் ஒரு சுற்றுத் திட்டி முடித்துவிட்டுப் பஸ் ஏறியது.

ஞாயிறும் திங்களும் மேனுஷா கடையில் வேறு வேலை பார்க்கவில்லை. மேற்கணக்கின் தாள்களை மட்டும் பிரித்தெடுத்து, சிவப்பை விட்டுவைத்து மறுபடி ஸ்கேன் செய்தாள். கோடுகள் எழுத்தை வெட்டிய இடங்களைக் கையால் திருத்தினாள். ராமாமிர்தம் என்று தட்டியபோது 1974 முதல் 2003 வரை வருடத்துக்கு ஒன்றாக முப்பது பக்கங்கள் திறந்தன. அப்படியே நாற்பத்தைந்து பெயர்களும். வெற்று வரிசை என்று ஒன்று கூட இல்லை.

ஆனால் அவளுக்கு இன்னும் ஒரு நப்பாசை இருந்தது. சிவப்பு என்றால் நீக்கப்பட்டவர்கள் என்று அர்த்தமாக இருக்கலாம். அப்படியிருந்தால் அவள் கடிதம் தப்பில்லை, கடை பிழைக்கும், அண்ணன் வீடும் பிழைக்கும். அந்த ரெஜிஸ்டர்களை அடித்த பெரிய கிளாக்கர் கந்தப்பன் ஹல்துமுல்லையில் மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். புதன்கிழமை வாஹித்திடம் தலைவலி என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

கந்தப்பன் அவளை உள்ளே கூப்பிடவில்லை. வாசல் கதவைப் பாதி திறந்து, சங்கிலியைக் கழற்றாமலே பேசினார். அவருக்கும் செய்தி எட்டியிருந்தது. தான் அடித்த ரெஜிஸ்டரில் நாற்பத்தைந்து காம்பரா காலி என்று யாரோ எழுதிக் கொடுத்ததில் மனிதர் கொதித்துப் போயிருந்தார்.

"செவப்புன்னா என்னாங்க ஐயா?" என்றாள்.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்ததுக்கு அப்புறமா கேக்குற? இந்தியாவுக்குப் போனவங்க எடத்துல தொரை புதுசா ஆளக் கொண்டாந்து வச்சாரு. மேலிடத்து அனுமதி வர்ற வரைக்கும் செவப்புல அடின்னாரு. அனுமதி வரவே இல்ல. நானும் பென்ஷன் போற வரைக்கும் செவப்புலயே அடிச்சேன். செவப்புல அடிச்சா பேரு இல்லன்னு ஆயிடுமா?"

"நீக்கின பேர என்னா செய்வீங்க?"

"குறுக்க கோடு போடுவேன். அதுவும் தெரியாம ஆபீசு வேல பாக்க வந்துட்ட."

கதவு சாத்தப்பட்டது. அவள் சந்திக்கு நடந்து வந்து, எதிரே வந்த மொனராகலைப் பஸ்ஸையும் அதன் பின்னால் வந்த பதுளைப் பஸ்ஸையும் போகவிட்டு, மூன்றாவதில் ஏறினாள்.

கணக்கு எளிது. சிவப்புப் பெயர்கள் எல்லாம் 1972க்கும் 1985க்கும் இடைப்பட்டவை. அவள் அப்பா தனிக் காம்பராவுக்குப் பதிந்தது 1986. நாற்பத்தைந்து பேரும் உள்ளே வந்தால் எழுபத்தோராவது இடத்தில் இருக்கும் தங்கராஜா நூற்றுப் பதினாறாவதுக்குப் போவான். வீடுகள் எண்பது. இரண்டாம் கட்டம் எப்போது என்பதற்குத் தேதியே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் போய்ச் சொன்னாள். முன்னறையில் பிள்ளைகள் இருந்தார்கள் என்பதால் அவன் அவளைப் பின்பக்கத் தேயிலைக்குக் கூட்டிக்கொண்டு போனான். முதலில் கெஞ்சினான். இன்னும் பன்னிரண்டு நாள்தான், ஆறாம் தேதி தாண்டிவிட்டால் யாராலும் மாற்ற முடியாது, அதுவரை வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும் என்றான். பொய் சொல்லச் சொல்லவில்லையே என்றான். அவள் சம்மதிக்காததைக் கண்டதும் அவன் குரல் மாறியது.

"நாலாம் லயத்துக்காரி ஒன் மேல சேறு அடிச்சா. அவளுக்கு வீடு வாங்கிக் குடுக்க எம் புள்ளைங்கள மண்ணுக்கடியில போடப் போறியா மேனு?"

"அவங்க சுவரு வெடிச்சுக் கெடக்குண்ணே."

"நம்ம சுவரு என்னா கல்லுலயா கட்டியிருக்கு?"

ஏழாம் லயமும் அதே மலைக்குக் கீழேதான் இருக்கிறது. சொன்னால் ஒரு வீட்டில் சாவு விழலாம், சொல்லாவிட்டால் இன்னொரு வீட்டில் விழலாம். இதில் நியாயம் பார்ப்பது அவளுக்கு வரவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். தேடினால் கிடைக்க வேண்டியது தேடியும் கிடைக்காத ஒரு கோப்பு, அவள் கையெழுத்தோடு அலுவலகத்தில் நிற்கிறது. சாப்பிடச் சொல்லி அண்ணி கூப்பிட்டாள். மேனுஷா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். தங்கராஜா சந்திவரை வரவில்லை.

மார்ச் நாலாம் தேதி ஆட்சேப விசாரணை. திட்ட அலுவலகத்தின் நீளமான அறையில் ஜெயலெட்சுமியும் இன்னும் முப்பது பேரும் சுவரோரமாக நின்றார்கள். நாற்காலி இருந்தும் யாரும் உட்காரச் சொல்லவில்லை. கஜேந்திரன் ஆட்சேபங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ரெஜிஸ்டர் சான்று இல்லை என்று எழுதி வலப்பக்கம் வைத்துக்கொண்டிருந்தார். மேனுஷா ஒரு கோப்புக்கட்டோடு உள்ளே வந்தபோது சுவரோரத்திலிருந்து ஒரு சீறல் கேட்டது.

அவள் 1981ஆம் ஆண்டுத் தாளை மேசையில் வைத்தாள். பக்கத்தில் பழைய ஸ்கேன், அதன் பக்கத்தில் புதியது. கஜேந்திரன் மூன்றையும் பார்த்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு தன் கோப்பிலிருந்து அவளுடைய கடிதத்தை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

"மிஸ், இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க சேர்."

"காலி செய்யப்பட்டவைன்னு யார் எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானா எழுதினேன். வெறும் வரிசையா வந்துச்சு, போனவங்க காம்பரான்னு நெனச்சிட்டேன். செவப்ப நீக்கினது நான்தான்."

அவர் அடுத்துக் கேட்டது அவள் அண்ணனின் இடத்தைப் பற்றி. எழுபத்தொன்று என்றாள். இந்தப் பெயர்கள் சேர்ந்தால் எத்தனை என்று கேட்டார். நூற்றுப் பதினாறு என்றாள். அப்படியிருந்தும் அவர் முகத்தில் சந்தேகம் குறையவில்லை. நாற்பத்தைந்து குடும்பங்களிடமும் இதற்காக ஏதும் வாங்கியிருக்கிறாளா என்று, அத்தனை பேர் காதிலும் விழும்படி கேட்டார். மேனுஷா மேசையிலிருந்த மூன்று தாள்களையும் அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள். அவர் இரும்புப் பெட்டி மூன்றையும் பிற்பகலுக்குள் அலுவலகத்துக்கு அனுப்பச் சொன்னார். அத்தனை தாளையும் தம் ஆட்கள் கையால் சரிபார்ப்பார்கள், கடையிலிருந்து இனி ஒரு கோப்பும் ஏற்கப்படாது என்றார்.

வெளியே படிக்கட்டில் ஜெயலெட்சுமி காத்துக்கொண்டிருந்தாள். நன்றி சொல்லத்தான் நிற்கிறாள் என்று மேனுஷா ஒரு கணம் நம்பினாள்.

"அன்னிக்குக் கடையில அந்தக் காயிதத்தைக் கையில வச்சிக்கிட்டேதான இல்லன்ன?"

"ஆமாங்க்கா."

"நான் பாத்தேன். மடிச்சு வச்சிருந்த." சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "மூணு வாரம். எம் மக அந்தச் சுவத்தோரமாத்தான் படுத்தா. மழ பேஞ்சிருந்தா என்னா செஞ்சிருப்ப?"

அவள் பதிலுக்கு நிற்கவில்லை. முப்பது பேரும் அவள் பின்னால் இறங்கிப் போனார்கள். ஒருவரும் மேனுஷாவின் பக்கம் திரும்பவில்லை, ஒருவன் மட்டும் போகிற போக்கில், அடுத்த தபா எங்களக் கறுப்புல அடிச்சிக் குடு என்றான்.

கடையில் வாஹித்துக்கு அதற்குள் தொலைபேசி வந்துவிட்டது. பத்துத் தோட்டத்து வேலையும் போயிற்று. அவர் கத்தவில்லை. எட்டு வருடத்துக்காக மாதக் கடைசிவரை இருந்துகொள்ளச் சொன்னார், ஸ்கேனரை மட்டும் தொட வேண்டாம் என்றார். மேனுஷா அதற்கும் ஒரு வார்த்தை வைத்திருந்தாள். "அப்ப வேற யாரு தொடுவாங்க, வாஹித் நானா? ஒங்களுக்கு அத ஆன் பண்ணவே தெரியாதே." அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்.

திருத்திய பட்டியல் ஏப்ரல் எட்டாம் தேதி தோட்டத்து ஆபீஸ் சுவரில் ஒட்டப்பட்டது. நூற்று நாற்பத்திரண்டு குடும்பங்களும் அதில் இருந்தன. ஜெயலெட்சுமியின் குடும்பம் இருபத்துமூன்றாவது. முன்பு எண்பதுக்குள் இருந்து இப்போது வெளியே விழுந்தவர்கள் அந்தச் சுவரின் முன்னால் நின்று மேனுஷாவைத் திட்டினார்கள். உள்ளே வந்தவர்களும் பழைய கணக்குக்காகத் திட்டினார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மேற்கணக்கு முழுவதும் அன்று ஒரே கட்சி. தங்கராஜா அவளுடைய எண்ணைத் தன் போனிலிருந்து எடுத்துவிட்டான். சித்திரைப் புத்தாண்டுக்கு அவள் அண்ணன் பிள்ளைகளுக்கு வாங்கிப் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய சட்டைகள், பிரிக்காத பொட்டலமாகவே அதே பஸ் கண்டக்டரின் கையில் திரும்பி வந்தன.

அவள் இப்போது பண்டாரவளையில் போனும் போட்டோகாப்பியும் வைத்திருக்கும் ஒரு கம்யூனிகேஷன் கடையில் விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறாள். அங்கே ஸ்கேனர் சிறியது, ஒரு தடவைக்கு ஒரு தாள்தான். தாளைக் கண்ணாடியில் வைப்பதற்கு முன்னால் இருபுறமும் திருப்பிப் பார்க்கிறாள். அவசரப்படுத்துகிறவர்களைப் பழையபடியே திட்டுகிறாள்.

கீழ்ச்சரிவில் எண்பது வீடுகளுக்கும் கூரை போட்டாயிற்று. ஜூன் முதலாம் தேதி சாவி கொடுக்கிறார்கள். தங்கராஜாவும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அடுத்த கார்த்திகை மழைக்கும் ஏழாம் லயத்திலேயே இருப்பார்கள்.